ஏழு படி கீழே

கடைசி லிஃப்ட்டிலிருந்தும் அக்காவின் குரலைச் சின்னவள் தன் கையாலேயே கழற்ற வேண்டியதாகிவிட்டது.

லிஃப்ட் மெக்கானிக் வேலையில் வேண்டாவெறுப்பாகச் செய்கிற காரியங்கள் நிறைய உண்டு. கிரீஸில் குளித்த கயிறுகளுக்கு நடுவே வௌவால் மாதிரி தொங்க வேண்டும். மாடிக்கு ஒருவர் வீதம் எட்டிப் பார்த்து "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும். அதெல்லாம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. இது மட்டும் பழகவில்லை.

பல வருஷங்களுக்கு முன்னால் கம்பெனிக்கு மாடிகளின் பெயரைச் சொல்ல ஒரு குரல் தேவைப்பட்டபோது, "எங்க அக்கா இருக்கா" என்று முந்திரிக்கொட்டை மாதிரி கையைத் தூக்கியவள் இவள்தான். அக்கா ஒரு மத்தியானம் வந்தாள். ஒரு தம்ளர் வெந்நீர் குடித்தாள். தரைத்தளம் தொடங்கி இருபதாம் தளம் வரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம் ஊரில் பாதிப் பேர் அவள் குரலைக் கேட்டுக்கொண்டுதான் ஏறினார்கள், இறங்கினார்கள். இப்போது கம்பெனி புதுக் குரல் பதிந்த சின்ன மின்சுற்று அட்டையை அனுப்பியிருந்தது. இயந்திரக் குரல். மூச்சு வாங்காது, சலிக்காது. "தரைத்தளம்" என்று அது சொல்வதைக் கேட்டால் கோர்ட்டில் தண்டனை வாசிப்பது போல இருந்தது.

பழைய அட்டையைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும் என்பது உத்தரவு. சின்னவள் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுக் கிடாரை இழுத்தாள். செய்யக்கூடாது என்று சொல்லியிருந்த காரியம் அது.

சொல்லியிருந்தது அக்கா. அந்தக் கதை இரண்டு வருஷம் பழையது. அக்கா பாடுவாள், சின்னவள் எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பாள், அக்காவின் வீட்டுக்காரர், அதாவது அத்தான், டிரம்ஸ் அடிப்பார். அத்தானுக்கு ரொட்டிக் கடையில் வேலை. மாவு பிசைந்து பிசைந்து உலக்கையாகிப்போன கைகளால் அவர் அடிக்கிற அடிக்குத் தோல் கிழியாமல் இருந்ததே பெரிய விஷயம். செருப்புக் கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்னக் கூடம், சனிக்கிழமை சாயங்காலம், அக்காவே கட்டிய பாட்டுகள். நாற்காலிகள் பாதிதான் நிரம்பும். நிரம்பிய பாதி அடுத்த வாரமும் தவறாமல் வரும்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. உலகத்தில் எல்லோரும் கிடாருக்குச் சுருதி வைக்க ஒரு கருவியைப் பார்ப்பார்கள். இவர்கள் பார்க்க மாட்டார்கள். அக்கா கண்ணை மூடி, "ம்ம்ம்" என்று ஒரு சுரம் இழுப்பாள். சின்னவள் கிடாரின் ஆகக் கனத்த கம்பியை அந்த "ம்ம்ம்"முக்குச் சேர்ப்பாள். மற்ற ஐந்து கம்பிகளும் அதன் பின்னால் வரிசையில் வந்து நிற்கும். பாட்டு முழுக்க அந்தக் கனத்த கம்பியை எங்கேயும் அழுத்தாமல் கட்டைவிரல் தட்டிக்கொண்டே இருக்கும். அதுதான் தரை. அக்கா அதன் மேல் நின்றுகொண்டு எங்கே வேண்டுமானாலும் போவாள், வருவாள்.

அப்புறம் அக்காவின் கழுத்தில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. ஆள் பிழைத்தாள். கட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு நரம்பு மட்டும் நொந்துபோயிற்று. "பேச்சு வந்துடும்மா. பழைய குரலை எதிர்பார்க்காதீங்க" என்றார் டாக்டர். அக்காவின் காது முதல் வாக்கியத்தை வாங்கிக்கொண்டு இரண்டாவதைத் திருப்பி அனுப்பிவிட்டது.

"குரல் வந்ததும் பாடலாம்" என்றாள். "அதுவரைக்கும் கிடாரைத் தொடாதே. நான் விட்ட சுருதியிலயே இருக்கட்டும்."

சின்னவளும் தலையாட்டினாள். இரண்டு வருஷமாக அக்கா காலையில் ஆவி பிடிக்கிறாள், தொண்டைக்குப் பயிற்சி செய்கிறாள், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழைய பாட்டின் முதல் வரியை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறாள். மேல் சுரத்துக்குப் போகும்போது குரல் உடையும். உடனே குழாய் திறக்கிற சத்தம் கேட்கும். இந்தக் கடைசி மாதங்களில் குழாய் மட்டும்தான் கேட்கிறது. பயிற்சியும் நின்றது, ஆவியும் நின்றது. சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூடக் கையைக் காட்டுகிறாள். அக்கா இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக வாய் மூடிப் போய்விடுவாளோ என்று சின்னவளுக்குப் பயமாக இருந்தது.

வழி ஒன்றுதான் என்று அவளுக்குப் பட்டது. குரல் மேலே வராது. அப்படியென்றால் தரையைக் கீழே இறக்க வேண்டும். லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் ஆளைக் கூப்பிட்டு "மேலே குதி" என்றா சொல்கிறோம்?

கிடாரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கம்பிகள் துருப்பிடித்திருந்தன. ஒயர் சொருகும் துளை ஆடியது. ஒலி கூட்டும் குமிழைத் திருப்பினால் கரகரவென்று யாரோ வறுப்பது போலச் சத்தம். கிடாரின் கழுத்து லேசாக வளைந்திருந்தது. பழைய கம்பியை அப்படியே ஐந்தாறு படி இறக்கிப் பார்த்தாள். துணி காயப்போடும் கொடி மாதிரி தொய்ந்து, கழுத்தில் பட்டு லொடலொடத்தது. கனமான கம்பி போட வேண்டும். போட்டால் அது உட்கார இடம் வேண்டும். இடம் கொடுத்தால் கம்பியை முறுக்கிப் பிடிக்கும் திருகாணி தாங்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் ஒன்பதைத் தொட வேண்டிய வேலை. சின்னவளுக்குப் பிடித்ததும் அந்த மாதிரி வேலைதான்.

முதலில் எவ்வளவு இறக்குவது என்று தெரிய வேண்டும். அதற்கு அவள் போட்ட திட்டத்தை நினைத்து அவளே தன் முதுகில் தட்டிக்கொண்டாள். மாடியறை மேஜையில் அந்தக் குரல் அட்டையை ஒரு பழைய சார்ஜரோடும் சின்ன ஸ்பீக்கரோடும் இணைத்து உயிர் கொடுத்தாள். "தரைத்தளம்" என்றது அக்காவின் பழைய குரல், கணீரென்று. போனில் சுருதி காட்டும் செயலியில் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டாள். அடுத்து இன்றைய அக்காவும் அதே வார்த்தையைச் சொல்ல வேண்டும். மறுநாள் வேலையிடத்திலிருந்து போனில் செய்தி அனுப்பினாள்.

"அக்கா, அந்தப் பெரிய கடையில சலவைத்தூள் எந்தத் தளத்துல இருக்கு? குரல்ல சொல்லு, கையெல்லாம் கிரீஸ், படிக்க முடியல."

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் குரல் செய்தி வந்தது. "தரைத்தளம்."

இரண்டையும் ஒப்பிட்டாள். ஐந்து படி கீழே. கிடார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளில் ஐந்து. கணக்கு பளிச்சென்று விழுந்தது. சலவைத்தூளையும் வாங்கி வந்தாள், சந்தேகம் வரக்கூடாதே.

இசைக்கருவிக் கடைக்காரர் கிடாரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இதுக்குப் போய் செலவு பண்றீங்களே. தூக்கிப் போட்டுட்டு, தணிஞ்ச சுருதிக்குன்னே நீளக் கழுத்தோட புதுசு வருது, அதை எடுத்துக்குங்க."

"இது நீளமாகாதுன்னு எனக்கும் தெரியும். கனக் கம்பி இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"கம்பி இருக்கு. ஆனா கம்பியோட அதிர்வை வாங்குற பிக்கப் குழப்புமே. தணிஞ்ச சத்தம் இதுல சேத்துல கால் வச்ச மாதிரி சொதசொதன்னு வரும்."

"அப்ப பிக்கப்பும் குடுங்க. கம்பி நழுவாம பூட்டிக்கிற திருகாணி ஒரு செட் குடுங்க. வேற என்னெல்லாம் ஆகாதுன்னு இப்பவே சொல்லிடுங்க, எல்லாத்தையும் ஒரே தடவையில வாங்கிட்டுப் போயிடறேன்."

கடைக்காரர் வாயை மூடிக்கொண்டு அலமாரியைத் திறந்தார்.

வேலை முடிந்து வந்து இருட்டுவதற்குள் தினம் கொஞ்சம் என்று சின்னவள் கிடாரைக் கூறு போட்டாள். குமிழுக்குள் மருந்து பீய்ச்சிக் கரகரப்பைத் துடைத்தாள். ஆடிய துளைக்குப் புது ஈயம் வைத்தாள். பழைய பிக்கப்பைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினாள். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கோலைக் கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருகாமல், திருகுவதும் மரம் அடங்கும்வரை காத்திருப்பதுமாக நிமிர்த்தினாள். அவசரக்குடுக்கை என்று வீட்டில் பேர் வாங்கியவள், இந்த ஒரு விஷயத்தில் கோழி அடைகாப்பது போல உட்கார்ந்திருந்தாள்.

மிச்சம் இருந்தது நட். போல்ட்டோடு ஜோடி சேரும் நட் இல்லை. கழுத்தும் தலையும் சேரும் இடத்தில், கம்பிகள் உட்கார வரிசையாக வெட்டுகள் போட்ட சின்ன எலும்புத் துண்டு, அதற்கும் அதே பெயர். கனக் கம்பிக்குப் பழைய வெட்டு போதாது, அரத்தால் அகலப்படுத்த வேண்டும். அகலப்படுத்திவிட்டால் பழைய மெல்லிய கம்பி அதில் நிற்காது, ஆடும். அரத்தை வைக்கும் முன் அவள் கை ஒரு நிமிஷம் தயங்கியது. அப்புறம் தேய்க்க ஆரம்பித்தாள். வெள்ளைத் தூள் மேஜையில் உதிர்ந்தது.

அக்கா படியேறி வந்தது அப்போதுதான். தேநீர் கொடுக்க வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். கிடாரைப் பார்த்தாள். அரத்தைப் பார்த்தாள். மேஜையில் ஸ்பீக்கரோடு கட்டிக் கிடந்த அட்டையைப் பார்த்தாள்.

"என்னடி பண்ற?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை. "சுருதி இறக்குறேன்க்கா. உனக்காக. அஞ்சு படி. பாட்டு அப்படியே இருக்கும், விரல் அப்படியே இருக்கும், தரை மட்டும்…"

"அதை வெட்டிட்டியா?"

"நட்டைத்தான். லேசா."

"இனி பழைய கம்பி நிக்காதுல்ல?"

"வேணும்னா வேற நட் போட்டுக்கலாம்க்கா. இந்தா, இத்தனூண்டு துண்டு."

"அப்ப என் தொண்டைக்கும் வேற போட்டுக்கலாமா?" தேநீர்த் தம்ளரை அக்கா மேஜையில் வைத்த வேகத்தில் பாதி வெளியே தெறித்தது. "இந்த அட்டையையும் கழட்டிட்டு வந்துட்டியா? சலவைத்தூள் எங்க இருக்குன்னு என்னைத் தரைத்தளம்னு சொல்ல வச்சது இதுக்குத்தானா?"

"அக்கா, நான் சொல்றதைக் கேளு…"

"நீ கேளு. டாக்டர் சொன்னாரு, சரி. பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னாங்க, சரி. என் குரல் இனிமே வராதுன்னு இந்த வீட்டுல யாரும் சொல்லல. நீ சொல்லிட்ட. வாயால சொல்லியிருந்தாகூடப் பரவாயில்லடி. அரத்தை வச்சுத் தேச்சுச் சொல்லிட்ட!"

இந்த இடத்தில் சின்னவளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது நிஜம். அதே சமயம் மேஜையில் போன் திறந்தே கிடந்தது, சுருதிச் செயலி ஓடிக்கொண்டிருந்தது, அவள் பார்வை அதன் மேல் விழுந்துவிட்டது. அக்கா திட்டத் திட்ட முள் இறங்கியது. ஐந்து படியில் நிற்கவில்லை. ஏழில் போய் நின்றது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அங்கேதான் வந்து உட்கார்ந்தது, ஆடாமல் அசையாமல். உடையவில்லை, கீறவில்லை. இரண்டு வருஷத்தில் இவ்வளவு நிறைவான சத்தம் அக்காவிடமிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை.

திட்டு வாங்கிக்கொண்டே சுருதி பார்த்தவள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"என்னடி போனைப் பாத்துட்டிருக்க? நான் பேசிட்டிருக்கேன்!"

"இல்லக்கா," என்றாள் சின்னவள். "ஒண்ணுமில்லக்கா."

அக்கா படியிறங்கிப் போனாள். கீழே ஒரு கதவு அறைந்து சாத்தப்பட்டது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை முறிந்தது. அக்கா தட்டை வைப்பாள், சத்தத்தோடு வைப்பாள், போவாள். நடுவில் மாட்டிக்கொண்டவர் அத்தான். ஒரு நாள் ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு மாடிக்கு வந்தார்.

"காலைப் பிடிச்சு மன்னிப்பு கேட்டுட்டு அந்தக் கிடாரைக் கட்டிலுக்கு அடியிலயே தள்ளிடு. ரெண்டு பேருக்கும் தபால்காரன் வேலை பாத்து எனக்கு மூச்சு முட்டுது."

"மன்னிப்பு கேக்குறேன். கிடாரைத் தள்ள மாட்டேன். அத்தான், ஒண்ணு கேக்கணும். அக்காவோட நிஜக் குரல் எது?"

அத்தான் ரொட்டியைப் பிய்க்கிறதை நிறுத்தினார். தன் திருட்டை அவள் கண்டுபிடித்துவிட்டது போலப் பார்த்தார். "காலையில தூக்கக் கலக்கத்துல ஒரு குரல்ல பேசுவா. தணிஞ்ச குரல். நல்லா இருக்கும். முழிப்பு வந்ததும் தொண்டையைச் செருமி மேல தூக்கிக்குவா. நாள் பூரா தூக்கியே வச்சுக்கிட்டுத் திரிவா. சாயங்காலம் ஆனா கழுத்து வலிக்குதும்பா."

"நீங்க சொல்லலியே!"

"என்னன்னு சொல்றது? உன் சொந்தக் குரல்ல பேசும்மான்னா? என் தலை என்ன ஆகும்?"

சின்னவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எத்தனையோ வார்த்தை இருக்க, அக்காவிடம் போய்த் 'தரைத்தளம்' என்ற வார்த்தையையா கேட்டோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். உப்பு, புளி, குடை, செருப்பு என்று எதைக் கேட்டிருந்தாலும் கொஞ்சமாவது உண்மை வந்திருக்கும். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அக்கா நிச்சயம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள், தொண்டையைச் செருமியிருப்பாள், லிஃப்ட்டில் ஒலித்த குரலுக்குக் கிட்டத்தட்டவாவது எட்டிவிட வேண்டுமென்று எக்கியிருப்பாள். தான் அளந்தது அந்த எக்கலை. அதற்குத்தான் இத்தனை நாளும் கிடாரை இழைத்துக்கொண்டிருந்தாள்.

வேறு யாராவது என்றால் போதுமடா சாமி என்று விட்டிருப்பார்கள். சின்னவள் மறுபடியும் கடைக்குப் போனாள்.

"இதைவிடக் கனமா?" என்றார் கடைக்காரர். "பாலம் கட்டப் போறீங்களா?"

"ஆமா. குடுங்க."

ஏழு படி என்பது விளையாட்டில்லை. புதுக் கம்பி அவள் கை ரேகையில் பதிகிற அளவுக்குத் தடிமன். திருகாணியின் துளைக்குள் அது நுழையவே மறுத்தது, துளையை மயிரிழை மயிரிழையாகப் பெரிதாக்கினாள். நட்டின் வெட்டை மறுபடி அகலப்படுத்தினாள். அரத்தை இழுக்கிற ஒவ்வொரு தடவையும் அக்காவின் சொல் காதில் விழுந்தது. "தேச்சுச் சொல்லிட்ட." ஆமாம் அக்கா, சொல்கிறேன், என்று மனசுக்குள்ளேயே பதில் கொடுத்துக்கொண்டு இழுத்தாள்.

அடுத்து ஒரு வம்பு வந்தது. கம்பியை வெறுமனே தட்டினால் சுருதி சரி. விரலை மேலே மேலே அழுத்திக்கொண்டு போனால் சுருதி வேண்டியதைவிடக் கூடிக்கொண்டே போயிற்று. கம்பியின் கால் பக்கம் அது படுத்திருக்கும் சின்ன உலோகச் சேணத்தைப் பின்னால் நகர்த்த வேண்டும். நகர்த்தினாள், ஒரு கட்டத்துக்கு மேல் போக இடமில்லை. பின்னால் ஒரு சுருள்வில் முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். வில்லை எடுத்தே போட்டுவிட்டாள். கம்பியின் இறுக்கமே சேணத்தை இடத்தில் பிடித்துக்கொண்டது. அவள் வேண்டியது கிடைத்தது, நூலிழை மிச்சம் வைத்து.

கடைசியாக ஆறு கம்பிகளையும் விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தாள். லிஃப்ட்டைத் தாங்கும் கயிறுகளையும் அவள் இப்படித்தான் பார்ப்பாள். ஒன்று தளர்ந்திருந்தால் மற்றவை பாரத்தைச் சுமந்து சீக்கிரம் தேயும். ஆறும் ஒன்றையொன்று ஏமாற்றாமல் நின்றன. கனத்த கம்பியைத் தட்டினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கம்பி தொய்யவில்லை, லொடலொடக்கவில்லை. இருட்டறையில் சுவரைத் தடவிக்கொண்டு போகிறவனுக்குக் கதவின் பிடி கையில் அகப்பட்டது போல அவளுக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிடாரையும் அதன் ஒலிபெருக்கிப் பெட்டியையும் இறக்கிக்கொண்டு வந்து கீழ்க்கூடத்தில் வைத்தாள். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அத்தான், உக்காருங்க."

"டிரம்ஸ் செருப்புக் கடை மாடியில கிடக்கேம்மா."

"மாவு பிசையிற தாம்பாளத்தைக் கவுத்துப் போடுங்க."

அத்தான் கவிழ்த்துப் போட்டார். அவளுக்கு மறுப்பு சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. சொன்னாலும் அவள் கேட்பதில்லை என்பதும் தெரியும்.

அக்காவுக்கு மிகவும் பிடித்த பாட்டை எடுத்தாள். முன்பகுதி எட்டுச் சுற்று, அது முடிகிற இடத்தில் குரல் நுழைய வேண்டும். விரல்கள் பழைய இடத்தில் பழையபடியே ஓடின. சத்தம் மட்டும் வீட்டின் அடியிலிருந்து ஏறி வந்தது. குரல் நுழைய வேண்டிய இடம் வந்தது. கதவு திறக்கவில்லை. சின்னவள் நிறுத்தாமல் முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி அந்த இடம், மறுபடி முதலிலிருந்து.

"எத்தனை தடவைம்மா?" அத்தான் தாளத்தை விடாமலே கேட்டார்.

"வர்ற வரைக்கும்."

"வரலன்னா?"

"தட்டுங்க அத்தான்."

கூப்பிடக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். கூப்பிட்டால் அக்கா வராமல் இருக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். மன்னிப்பையும் வாயால் கேட்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஒரு இடத்தைக் காலியாக விட்டு, அங்கே கனத்த கம்பியை மட்டும் தட்டினாள். விரல் நுனி எரிந்தது. பழக்கம் விட்டுப்போன விரல், புதுக் கம்பி வேறு. ஒரு கட்டத்தில் தோல் கிழிந்தது தெரிந்தது. அத்தானின் நெற்றியில் வியர்வை வழிந்தது, வழக்கமாக அடுப்படியில் வழிவதைவிட அதிகமாக.

கதவு திறந்தது.

அக்கா வாசலில் நின்றாள். அழுதிருந்தாள், முகம் கழுவியிருந்தாள், கழுவியது பயன்படவில்லை. சின்னவள் கையை எடுத்தாள். அத்தானும் நிறுத்தினார்.

"தப்பா இருக்கு," என்றாள் அக்கா.

தூக்கிப் பிடித்த குரலில்தான் சொன்னாள். சின்னவள் விட்டுக்கொடுக்கவில்லை. "எங்கக்கா தப்பு? செயலியில பாத்துத்தான் வச்சேன். முள் நடுவுல நிக்குது."

"முள்ளைப் பாத்து வச்சா அப்படித்தான் இருக்கும்." அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலி எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ அந்த இடத்தில். "என்னைக்குடி நாம முள்ளைப் பாத்தோம்?"

கண்ணை மூடினாள். வழக்கம்போலத் தொண்டையைச் செருமப் போனவள், செருமாமல் விட்டாள். தோள் இரண்டும் இறங்கின. வாயைத் திறக்காமல் இழுத்தாள்.

"ம்ம்ம்…"

ஏழு படிக்கும் ஒரு நூல் கீழே இருந்தது அது. தூக்கக் கலக்கத்தில் அத்தான் ஒருத்தர் மட்டும் கேட்டிருந்த குரல். கொஞ்சம் கரடு, நிறையக் கனம், நடுக்கம் இல்லை. சின்னவள் போனை எடுக்கவில்லை. கனத்த கம்பியைத் தட்டித் திருகாணியை இறக்கினாள். இரண்டு சத்தமும் ஒன்றையொன்று உரசின, அலை அலையாக அடித்தன, அலை மெதுவானது, நின்றது. எது கம்பி, எது அக்கா என்று தெரியவில்லை. மற்ற ஐந்தும் பின்னால் வந்து சேர்ந்தன.

எட்டுச் சுற்று வாசித்தாள். அந்த இடம் வந்தது. அக்கா நுழைந்தாள்.

பழைய பாட்டு மாதிரியே இல்லை. முன்பு அந்தப் பாட்டு மொட்டைமாடியில் நின்று யாரையோ கூப்பிடுவது போல இருக்கும். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல இருந்தது. மேல் சுரம் வந்தபோது சின்னவள் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தாள். குளியலறைக் குழாயின் ஞாபகம் வந்தது. அக்காவின் குரல் அங்கே போயிற்று, நின்றது, நிதானமாக இறங்கி வந்தது. உடையவில்லை. அத்தான் தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டே தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைக்க, துண்டிலிருந்த மாவு முகமெல்லாம் அப்பிக்கொண்டது. அதற்காகத் தாளம் தப்பவில்லை.

பாட்டு முடிந்தது. அக்காதான் ஆரம்பித்தாள், அந்தப் புதுக் குரலிலேயே.

"அந்த அட்டை எங்கடி?"

"டூல்பாக்ஸ்ல இருக்கு." சின்னவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "தூக்கிப் போட்டுடவாக்கா?"

"வேண்டாம், பத்திரமா வை." அக்கா கிடாரின் கழுத்தை எட்டித் தொட்டாள். அரம் பட்ட நட்டை விரலால் தடவிப் பார்த்தாள். "அந்த அட்டையில இருக்கிறவ நல்லாத்தான் பாடினா."

சின்னவளின் கண் நிறைந்தது. விரல் நுனியில் கசிந்த ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"அழுகையை அப்புறம் வச்சுக்கலாம். அடுத்த பாட்டு," என்றாள் அக்கா. "அதுக்கு இந்தச் சுருதி ஒத்துவராது. இன்னும் ஒரு படி இறக்கு."

"இன்னுமா?" என்றார் அத்தான்.

சின்னவள் சிரித்துக்கொண்டே திருகாணியைப் பிடித்தாள். அக்கா கண்ணை மூடினாள்.